கருங்குழிக்குப் போன அரிசி

மகாபலிபுரம்
17-3-2025

அன்புத் தம்பி கிருபாகரனுக்கு,

அக்கா ரெபேக்காள் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியாக உட்கார்ந்து எழுதுவது. ஸ்தோத்திரம் எல்லாம் கோபம் ஆறினால் கடைசியில் போடுகிறேன். லெந்து உபவாச நாட்கள் முடிகிறவரை தொடமாட்டேன் என்று போனைப் பெட்டியில் பூட்டிவிட்டாயாம். கெட்டிக்காரன். திட்டிலிருந்து தப்பிக்க நல்ல வழி. ஆனால் தபால்காரருக்கு லெந்து கிடையாதே! நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். திட்டு நேராக வந்து சேரும்.

சனிக்கிழமை செங்கல்பட்டுப் பெண்கள் கூட்டத்தில் நீ சாட்சி சொன்னபோது கடைசி வரிசையில் நானும் இருந்தேன். வீட்டு அரிசி முழுவதையும் உபவாசக் கூட்டத்துச் சமையலுக்குக் கொடுத்துவிட்டாயாம். அப்புறம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் அரிசி மூட்டையாம். "மனுஷர் ஒருத்தருக்கும் தெரியாது, வேதத்தில் தீர்க்கதரிசிக்கு அப்பம் கொடுத்தனுப்பின மாதிரி கர்த்தர் எனக்கும் காகத்தை அனுப்பினார்" என்றாய். கூட்டமே அல்லேலூயா போட்டது.

அடேய், அந்தக் காகம் நான்தான்.

கடற்கரையில் என் கடைத் தட்டிலிருந்து வறுத்த மீனைத் தூக்கிப் போகிற காகத்தைத் தினமும் விரட்டுகிறேன். நீ என்னையே காகமாக்கிவிட்டாய். நிறம் ஒத்துப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் காகத்துக்கடா இடுப்பு பிடித்துக்கொள்ளும்?

உன் பெண்டாட்டி ஜெனிட்டா போனில் அழுதாள். "அண்ணி, கொயந்தைக்குக் கஞ்சி வைக்க நொய்கூட இல்ல. அவரு ஜெபம் பண்ணிகினு கீறாரு" என்றாள். இருபத்தைந்து கிலோ சிப்பத்தோடு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கே பஸ் மாறிக் கருங்குழி வந்தேன். இங்கே பஸ்ஸில் ஏற்றிவிட்டது என் வீட்டுக்காரர், உன் மாமா கலையரசன். போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய துணியையும் கருவாட்டையும் "மாரியம்மன் படம் மாட்டின வீட்டுப் பொருள்" என்று திருப்பி அனுப்பினாயே, அந்த வீட்டு மனிதர்தான். அதனால்தான் நீங்கள் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து, சொல்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குக்கூட இவ்வளவு ஆத்திரம் இல்லை. அந்த மூட்டையைக் காட்டி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலையை விடப்போகிறேன் என்று மைக்கில் சொன்னாயே! என் மூட்டையாலா உன் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டும்? வேலையை விடாதே.

கோபம் ஆறவில்லை.

ரெபேக்காள்

---

கருங்குழி
21-3-2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஜெனிட்டாவிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் தேவனிடம் ஓர் அடையாளம் கேட்டிருந்தேன். மனுஷரிடம் கேட்காமல் பத்து நாளுக்குள் அரிசி வந்தால் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று. எட்டாம் நாள் வந்தது. இப்போது நீ நடுவில் புகுந்ததாகச் சொல்கிறாய். மறைத்து வைத்ததும் ஒரு பொய்தானே அக்கா? சபை முன்னால் என்னைப் பொய்ச் சாட்சிக்காரன் ஆக்கிவிட்டாய்.

ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசியோடு நிற்கிறேன். இனிமேல் பின்வாங்கினால் சபையில் என்ன சொல்வேன்? சிரிப்பார்கள். எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். தேவன் பார்த்துக்கொள்வார்.

கிருபாகரன்

---

மகாபலிபுரம்
25-3-2025

பொல்லாத தம்பிக்கு,

நடுவில் புகுந்தேனா நான்? நடந்ததைக் கேள். ஜெனிட்டா அழுது போனை வைத்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெடக்கட்டும் வுடு, அவன் ஜெபமே சோறு போடட்டும்" என்றேன். துணியைத் திருப்பி அனுப்பினாய் அல்லவா, அந்த வயிற்றெரிச்சல். வலை பின்னிக்கொண்டிருந்த உன் மாமா நிமிரக்கூட இல்லை. "இன்னா ரெபே, புள்ள இன்னா பண்ணுச்சி? மூட்டைய எட்து வை, பஸ்ஸுல ஏத்தி வுட்றேன்" என்றார்.

தினமும் முழங்கால் போடுகிற எனக்கு வராத மனசு அவருக்கு வந்தது. யார் வரவைத்தது? நீயே சொல், வசனமெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீ கேட்ட அரிசி வந்தது நிஜம். வந்த வழி உனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

அந்த வேன் வேலை மட்டும் எங்கிருந்து வந்ததாம்? கிடைத்த அன்று வண்டியில் ஏறாமல், தரையில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னவன் யார்? மாசாமாசம் வருகிற சம்பளம் அற்புதமில்லை, வாசலில் கிடக்கிற மூட்டைதான் அற்புதமா?

சபை சிரித்தால் சிரிக்கட்டும். என்னைப் பார்த்து ஊரே சிரிக்கிறது, எனக்கு ஒரு கிலோ குறைந்ததா? போய் அந்த ராஜினாமாவைத் திருப்பி வாங்கு.

எதுவும் அனுப்ப வேண்டாம் என்றாய். சரி, அனுப்பமாட்டேன். நீ கேட்டால்தான். வாயைத் திறந்து, உன் மாமா பேரைச் சொல்லிக் கேட்டால்தான்.

ரெபேக்காள்

---

கருங்குழி
1-4-2025

அக்காவுக்கு,

ஞாயிறு ஆராதனையில் எழுந்து சொன்னேன். அரிசி கொண்டுவந்தது என் அக்கா, அனுப்பியது மாமா கலையரசன் என்று. யாரும் சிரிக்கவில்லை. அல்லேலூயாவும் சொல்லவில்லை. பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார்.

இன்று காலையில் பள்ளிக்கூடம் போனேன். வேன் சாவி வேறு ஒருத்தர் கையில் இருந்தது. ஹாரனை எப்படி அழுத்த வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அது சில நாள் ஒட்டிக்கொள்ளும்.

உன்மேல் எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. என்மேலும்தான்.

அரிசி வெள்ளிக்கிழமைவரை வரும். வழக்கம்போல யாருக்கும் சொல்லாமல் முழங்காலில் நின்றேன். எங்கள் தேவையைச் சந்தியும் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் ஆகியும் வசனம் எதுவும் வரவில்லை. உன் வீட்டு விலாசம்தான் திரும்பத் திரும்ப வந்தது, பின்கோடோடு.

கலையரசன் மாமாவிடம் சொல், அக்கா. அரிசி வேண்டும்.

தம்பி
கிருபா