நாற்பத்தொரு மீட்டர்

பதிவு 1 | 9 மே 2043 | காலை 09.00

என் பெயர் வே. திருமேனிநாதன். வயது ஐம்பது. செம்மணல்மேடு நிலத்தடி நிலக்கரி வாயு நிலையத்தில் கணினி மாதிரிப் பிரிவின் பொறுப்பாளர். இது அலுவலகப் பதிவேடு அன்று. பிச்சைமணி எப்படி இறந்தான், அதற்கு நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் வருபவர்கள் பிழையின்றி அறிய வேண்டும். அதுவே இதன் நோக்கம்.

இங்கு நிலக்கரியை வெட்டுவதில்லை. முந்நூறு மீட்டர் ஆழத்தில் எரியவிட்டு, வாயுவைக் குழாயில் மேலே எடுக்கிறோம். முதல் விதி: எரிகுகையின் அழுத்தம், அதைச் சூழ்ந்த நிலத்தடி நீரின் அழுத்தத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால் நீர் உள்ளே கசியும். மீறினால் மணமில்லாத நச்சு வாயு வெளியே கசியும். அது எந்தப் பிளவில், எந்த நிமிடம் மேலே வரும் என்பதை 'நிழல்' என்னும் என் கணினி மாதிரி முன்கூட்டியே சொல்லும். நீர்மட்டத்தைச் சரியாகக் கொடுத்தால்.

இன்று உலை நிறுத்தத்தில் உள்ளது. கருவிகள் இயல்பு.

பதிவு 2 | 10 மே | முற்பகல் 10.30

பிச்சைமணி என் மனைவியின் தம்பி. கண்காணிப்புக் கிணற்றுக் கொட்டகையில் நாள்தோறும் நாடா இறக்கி நீர்மட்டம் அளப்பவன். ஏப்ரல் 19, அவன் இறந்த நாள் காலை, வானொலிப் பதிவிலிருந்து:

"அத்தான், நாப்பத்தொரு மீட்டர். ஊர்ல எல்லா மோட்டாரும் ஓடுது. உங்க பொட்டிகிட்ட சொல்லுங்க, இது மார்கழி இல்லன்னு."

கேலியில்லை. நிழலில் இருந்தது மார்கழி மட்டம்: தரைக்குக் கீழே பத்து மீட்டர். கோடை மட்டத்தை நான் மார்ச்சிலேயே உள்ளிட்டேன். உள்ளிட்டால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், வாயு குறையும். இயக்குநர் சேஷகிரி, டிசம்பரில் ஒப்புதல் பெற்ற அளவே ஆண்டு முழுவதும் செல்லும் என்று எழுத்தில் ஆணையிட்டார். விதி அவர் பக்கம் இருந்தது. பழைய எண்ணை என் விரல்கள்தாம் மீண்டும் தட்டின.

இருபது நிமிடம் கழித்து: "தலை வலிக்குது அத்தான். வெயில்தான்னு நெனக்கிறேன்."

அழுத்தத்தைக் குறைக்க அனுமதி கேட்டேன். சேஷகிரி சொன்னது: "ஃபார்ம் ஏழுல எழுதி வைங்க திருமேனி. டிபன் முடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்."

நாற்பது நிமிடம். நான் படிவத்தோடு காத்திருந்தேன். பிறகு கொட்டகைக்கு ஓடினேன்.

விசாரணை அறிக்கை 'மாதிரியின் பிழை' என்றது. எனக்கு ஒரு மெமோவும் வந்தது: வளாகத்துக்குள் ஓடியது, விதி ஒன்பதின் மீறல்.

பதிவு 3 | 11 மே | பிற்பகல் 03.15

நாளை உலையை மீண்டும் மூட்ட ஆணை. அழுத்தம் பழையபடியே. விதி முப்பத்தொன்றை நினைவூட்டிக் குறிப்பு அனுப்பினேன்: உயிரிழப்புக்குப் பின் மறுதொடக்கத்தில், அழுத்த ஆணையில் கையெழுத்திட்டவர் விபத்து நடந்த இடத்தில் மூன்று மணி நேரம் இருந்து அளவீடு எடுக்க வேண்டும்.

சேஷகிரி சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். "உம்ம நிழலே பாதுகாப்புன்னு சொல்லுதே. ஒரு ஏசி மட்டும் வச்சுக் குடும்யா, வேகுது." வைத்துக் கொடுத்தேன். சன்னல்கள் சாத்தப்பட்டன.

கொட்டகையில் அபாயமணி இல்லை. ஓயாமல் அடிக்கிறதென்று மார்ச்சில் அவரே கழற்றச் சொன்னார். புதிய மணிக்கான கோப்பு அவர் மேசையில் இருக்கிறது.

நிழலின் இன்னொரு படியை என் கணினியில் ஓட்டினேன். நீர்மட்டம் நாற்பத்தொன்று. விடை: ஏப்ரல் பிளவு மூடவில்லை. கொட்டகையில் வாயு, நாளை 11.52.

இதை அவரிடம் சொல்லவில்லை. அனுமதி பெறாத அளவைக் கொண்டு அறிக்கை தரக் கூடாது என்பதும் அவர் ஆணையே.

பதிவு 4 | 12 மே | 10.00

உலை மூட்டப்பட்டது. நான் கட்டுப்பாட்டு அறையில். சேஷகிரி கொட்டகையில். தனியாக. மற்ற பணியாளர்களை விதிப்படி வாயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டேன். பெயர்களைச் சரிபார்த்தேன். இருமுறை.

பதிவு 5 | 11.52

கிணற்றின் வாயிலுள்ள வாயு உணரியின் எண் என் திரையில் ஏறியது. நிழல் ஒரு நிமிடமும் பிசகவில்லை. பிச்சைமணி இருந்தால் பொட்டியைப் பாராட்டியிருப்பான்.

பதிவு 6 | 12.11

வானொலியில் சேஷகிரி: "திருமேனி, இங்க ஒண்ணுமே இல்லய்யா. சும்மா பயமுறுத்துனீர். தலைதான் கொஞ்சம் கனமா இருக்கு."

"வெயிலா இருக்கும் சார்."

"ஏசியில எங்கய்யா வெயிலு?"

நான் நேரத்தைக் குறித்தேன். எண்கள் கோணலாக விழுகின்றன. இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எளிதாக இல்லை.

பதிவு 7 | 12.24

"கால் வரமாட்டேங்குது... திருமேனி... பிரஷரக் கொறைய்யா. கதவத் தொறக்கச் சொல்லு."

"எழுத்துல ஆணை வேணும் சார். ஃபார்ம் ஏழு."

"டேய்... எனக்குப் புள்ளைங்க இருக்குடா."

பிச்சைமணிக்கும் இருக்கின்றன. இரண்டு. மூத்தது என்னை மாமா என்று அழைப்பதை நிறுத்திவிட்டது.

அழுத்தத்தைக் குறைக்கும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அன்றும் இருந்தது. அன்று அழுத்தாத கை இன்று இவருக்காக அழுத்துமானால், பிச்சைமணி எதற்காகச் செத்தான்?

பதிவு 8 | 12.27

கடைசிப் பதிவு. இதைக் கண்டெடுப்பவர் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. தேதிகளைச் சரிபார்த்தால் போதும்.

படிவம் ஏழை நிரப்பிவிட்டேன். அவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. கொட்டகை இங்கிருந்து அறுநூறு அடி. வாயு முகமூடி அணியாமல், படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நான் இப்போது அவரிடம் செல்கிறேன்.

நடந்துதான் செல்வேன். வளாகத்துக்குள் ஓடக் கூடாது.