எல்லப்பன் செய்யாத கொலை

ஜூலை 7, திங்கள்

தவசிமுத்துவைக் கொன்றது தன் தாத்தா எல்லப்பன் இல்லை என்று திருவொற்றியூர் குப்பத்துக் கோதண்டம் இன்று காலை தெரிவித்தார். அவர்தான் கொன்றார் என்று இத்தனை வருடமாக மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவந்தவரும் கோதண்டமே. சொன்ன இடம் என் வீட்டு வாசல். கையில் ஒரு முழு வஞ்சிரம்.

1954 ஆடி மாதம் ஓர் இரவில், ராயபுரம் மளிகை மொத்த வியாபாரி தவசிமுத்து, வயது எழுபத்தொன்று, தன் வீட்டு மாடி அறையில் எடைக்கல்லால் அடிபட்டு இறந்துகிடந்தார். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சாட்சி சொல்ல ஒருவர்கூட வரவில்லை. கைதும் இல்லை. எல்லப்பன் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கினார் என்பது குப்பத்தின் பெருமை, போலீஸ் சொன்னதல்ல.

இப்போது கோதண்டத்தின் மகன் நிதிஷும் தவசிமுத்துவின் பேரன் எபினேசரின் மகள் ஜெனியும் கல்யாணம் செய்துகொள்ள நிற்கிறார்கள். கொலைகாரன் வீட்டுக்குப் பெண் தரமாட்டேன் என்கிறார் எபினேசர்.

"தாத்தா நிரபராதின்னு பேப்பர்ல போடு சார். புள்ள சோறு துன்ன மாட்டேங்கிறான்."

மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 9

குப்பத்தில் ஏழு பேரை விசாரித்தேன். ஏழு பேரும் எல்லப்பன்தான் கொன்றார் என்று சத்தியம் செய்தார்கள். 1954இல் அவர்களில் யாரும் பிறக்கவில்லை.

ஜூலை 12, சனி

முத்தம்மா: எல்லப்பனின் மகள், கோதண்டத்தின் அத்தை. அன்று சிறுமி. நெத்திலி ஆய்ந்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு தெருக்கூத்து. நைனாதான் பாஞ்சாலி. வெடியற வரைக்கும் துச்சாதனன் பொடவைய இழுத்துகினே இருந்தான். கொல பண்ண நேரம் ஏது?"

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

"பாஞ்சாலி பொண்ணுன்னா மார்க்கெட்ல எவன் வழி வுடுவான்? கொலகாரன் பொண்ணுன்னா வுட்டான்."

மீசையைத் தடவிக்கொண்டிருந்த கோதண்டம் கையை எடுத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

கோதண்டத்துடன் எபினேசர் வீட்டுக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். எபினேசர் ஏற்றுக்கொண்டார். காபி வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். கோதண்டம் வாசல் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டப் பிரிக்கலன்னா, உள்ள இருந்த ஆளுதானே அடிச்சிருக்கணும்? இந்த வூட்ல எப்டி சார் சம்பந்தம் பண்றது?"

அன்றிரவு தவசிமுத்துவைத் தவிர வீட்டுக்குள் இருந்தவர் அவருடைய ஒரே மகன். எபினேசரின் அப்பா.

"ஏல, எங்க அப்பாவையா சொல்லுத?" எபினேசர் குடும்பம் மூன்று தலைமுறையாக ராயபுரம்தான்; கோபத்தில் தூத்துக்குடிப் பேச்சு வந்துவிட்டது.

மாலையில் எபினேசர் போன் செய்தார். யாரோ ஓட்டைப் பிரித்து இறங்கினார்கள் என்று போட முடியுமா, பேர்கூட வேண்டாம் என்றார்.

இதுக்கா நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்? பேசாம அந்த வஞ்சிரத்தையாவது வாங்கி வச்சிருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

நிதிஷும் ஜெனியும் பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். ஆட்சேபணைக்கு முப்பது நாள். எதுவும் வராவிட்டால் ஆகஸ்ட் 22, வெள்ளி, திருமணம்.

கொன்றவர் யார் என்பது நிலுவையில். தேதி சொல்ல வழியில்லை.

திருமணத்துக்குச் சாட்சி மூன்று பேர் வேண்டும். நானும் முத்தம்மாவும் ஒப்புக்கொண்டோம். மூன்றாவது கையெழுத்து தன்னுடையதுதான் என்று கோதண்டம் நேற்று ரகசியமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். எபினேசர் இன்று காலை வந்தார், அதே ரகசியத்துடன்.

இதுவும் நிலுவையில். 22ஆம் தேதி தெரியும்.