நாரி நோகாமத் தூக்குறது

அன்பின் வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட உதவியால தோஹாவில நான் நல்ல சுகம்.

தோணி இழுக்கக்கொள்ள முதுகுக்குக் கீழ நாரி பிடிச்சு நீங்க படுக்கையில என்று தங்கச்சி மர்ளியா சொன்னா. போனில கேட்டா "ஒண்டுமில்ல மகன்" என்பீங்க. அதுதான் எழுதுறன்.

இங்க ஜிம்மில நான் ஆக்களுக்குப் பழக்குறதே நாரி நோகாமத் தூக்குறதுக்குத்தான். 'ட்ராப் பார்' என்ற ஆறு மூலை இரும்புச் சட்டத்துக்கு நடுவில நின்று, முழங்காலை மடக்கி, ரெண்டு பக்கப் பிடியையும் பிடிச்சு எழும்பணும். நேற்று உங்கட வயசு ஆள் ஒருத்தர் நூறு கிலோவைத் தூக்கிட்டு, "வலியே இல்ல" என்று சிரிச்சார். நான் முகம் கழுவப் போயிட்டன்.

லீவு கேட்டன், பெருநாளுக்குப் பிறகுதானாம். நீங்க நாலு அடி நடந்தாலும் மர்ளியாவை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கூப்பிடுறாங்க, முடிக்கிறன்.

மகன் அர்கம்