சனிக்கிழமைச் சீட்டு

திருமங்கலம்
6.5.2024

அன்புத் தம்பி விருமாண்டிக்கு,

சௌரிராஜன் எழுதுவது. இடுப்பு எலும்பு கூடிவிட்டது. கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறேன். போனில் பேசத் தொடங்கினால் பாதியில் வைத்துவிடுவேனோ என்று என்மேல் எனக்கே சந்தேகம். அதனால் தபால். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்களுக்கு நன்றி.
2. ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களைப் பற்றிச் சபைக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.
3. அதை உங்கள் நன்மைக்காகத்தான் எழுதினேன்.
4. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. மார்ச் மாதம் குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தேன். மகன் ஸ்ரீனிவாஸ் புனேயிலிருந்து வந்தான். இரண்டாம் நாளே திரும்ப வேண்டியதாயிற்று. சபையிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள், பிரார்த்தனை செய்தார்கள், வேனில் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்போடுதான் வந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நீங்கள் வந்து நின்றீர்கள். சபை விலக்கியவரோடு பேசக் கூடாது என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அண்ணே, பேச வேணாம். வாயை மட்டும் தெறங்க, இட்லி ஆறுது" என்றீர்கள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் எனக்குச் சவரம் செய்தீர்கள், படுக்கைத் தட்டு வைத்து எடுத்தீர்கள். நர்ஸ் உங்களை என் கூடப் பிறந்தவர் என்று நினைத்துப் படிவத்தில் எழுதிவிட்டார். பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டு இயற்பியல் நடத்தியவன் நான். தவறான பதிவு ஒன்றைப் பார்த்தும் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் முறை. என் மனைவி நாகமணி இன்றும் "அவர் மட்டும் வராம இருந்திருந்தா" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

இரண்டாவது. சபையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இணை உண்டு. இணையிடமோ வேறு யாரிடமோ கண்ட குறையைச் சனிக்கிழமைதோறும் சீட்டில் எழுதித் தலைமை ஐயாவிடம் கொடுக்க வேண்டும். இருபது ஆண்டு அங்கே இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் என் இணை. புலால் தொடக் கூடாத சபை. கரிமேடு மீன் மார்க்கெட்டில் நீங்கள் பால் சுறா வாங்கியதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன், எழுதிக் கொடுத்தேன். உங்கள் மகள் தமிழ்ச்செல்விக்குக் குழந்தை பிறந்து, பால் போதாமல் அதை வாங்கினீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் உங்களை விலக்கிவிட்டார்கள். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் படிப்பது வழக்கம். ஆகவே யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது. ஒரு வார்த்தை கண்டிப்பார்கள், நீங்களும் மனம் தெளிவீர்கள் என்று நினைத்தேன். வேண்டியவர் என்பதால்தான் எழுதினேன்.

நான்காவது. மன்னிக்க முடியுமானால் ஒரு வரி எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
சௌரிராஜன்


பழங்காநத்தம்
11.5.2024

அண்ணனுக்கு விருமாண்டி வணக்கம்.

எனக்குக் கண்ணுல ஆபரேஷன். தமிழ்ச்செல்வி லீவுக்கு வந்திருக்கா. நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா.

எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்களாக்கும். தலைமை ஐயா எந்திரிச்சு நின்னு படிச்சாரு. 'காலை மணி 7.10. நீல நிறப் பை. மீன் தோராயமாக முக்கால் கிலோ.' தோராயமாகன்னு போடுற ஆளு நம்ம சபையில வேற யாருண்ணே இருக்கா? நான் வாங்குனது ஒரு கிலோ. அதுலயும் கால் கிலோவக் கொறச்சுட்டீங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.

நீங்க பஸ்ஸுல இருந்து பாத்தப்ப நானும் உங்களப் பாத்தேன். கையத் தூக்குனேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

வீட்டுல ஒச்சாயி இன்னைக்கு வரைக்கும் உங்க பேரைச் சொன்னா பாத்திரத்த நங்குன்னு வைப்பா. நான் அவகிட்ட ஒண்ணுதான் சொல்லுவேன். "ஏய், அந்த மனுசன் எனக்கு நல்லதுன்னு நம்பித்தான் எழுதுனாரு. வேற நெனப்பு அவருக்குக் கெடையாது." அம்புட்டுதான்ணே. அந்த ஒண்ண வச்சுத்தான் அஞ்சு வருசமும் உங்க மேல கோவம் இல்லாம இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அதனாலதான். இப்ப நீங்களே மூணாவதா அதப் போட்டுட்டீங்க. அந்த எடத்த மட்டும் ஒச்சாயிக்கு ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். கேட்டுட்டு, "சரி, சாப்பிட வரச் சொல்லு"ன்னா.

பத்தொம்பதாந் தேதி ஞாயித்துக்கெழம மதியம் நாகமணி மதினியக் கூட்டிக்கிட்டு வாங்க. சாம்பாரும் கத்திரிக்காயுந்தான். பயப்படாதீங்க.

இப்படிக்கு,
விருமாண்டி

பெரியப்பா, அப்பா சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுதவில்லை. அது தலைமை ஐயாவைப் பற்றியது. – தமிழ்ச்செல்வி


திருமங்கலம்
16.5.2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாகமணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கால் கிலோ இடத்தில் சிரித்தாள். நான் விழுந்த பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். அதற்கும் உங்களுக்கே நன்றி. ஞாயிற்றுக்கிழமைக்குப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

இப்போது என் இணை காளை. நேற்று வந்தவரிடம், உங்கள் வீட்டில் சாப்பிடப் போவதாக நானே சொன்னேன்.

"சார், அப்ப நான் எழுதணுமே" என்றார்.

"எழுதுங்க" என்றேன்.

"டைம் என்னன்னு போட?"

"பன்னிரண்டரை."

இனி என்னையும் விலக்குவார்கள் என்று தெரியும். இருந்தாலும் சொன்னதில் ஒரு சந்தோஷம்.

ஆனால் நீங்களும் ஒச்சாயி அம்மாளும் என்னைக் கூப்பிட்டது நான் எழுதிய ஒரு வரியை நம்பி. நான் சும்மா இருந்தால் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு நாளாக இதே யோசனை.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காளை. அவரும் உங்களைப் பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். கண்டும் எழுதாதவரையும் விலக்கிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் உங்களையும் என்னையும் சேர்த்து எழுதிவிடுவார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, எழுதினேன். எழுதும்போது உங்கள் நன்மை என் நினைவில் இல்லை. உங்களை விலக்கிய பிறகு, தூக்கம் வராமல் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது. சொல்லிச் சொல்லி எனக்கே உண்மையாகிவிட்டது.

இதையும் ஒச்சாயி அம்மாளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் வரச் சொன்னால் ஒரு போன் போதும், வருகிறோம். போன் வராவிட்டால் காரணம் எனக்குத் தெரியும். அப்போதும் அந்த ஒன்பது நாளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் அப்படியே இருக்கும்.

முந்தைய கடிதத்தில் முதலாவதும் இரண்டாவதும் சரி. நான்காவது உங்கள் கையில். மூன்றாவதாக எழுதியது தவறு.

சௌரிராஜன்