கறுப்புக் குமிழ் கீழ்ப்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

அறையை அளந்தேன். ஏழடி நீளம், ஆறடி அகலம். இதைத்தான் இவர் "குழந்தை ரூம்" என்று வாய் கூசாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன மாதம் வரை அது இஸ்திரி மேசைக்கும், ஓடாத மின்விசிறிக்கும், இவருடைய உடற்பயிற்சி சைக்கிளுக்கும் அறையாக இருந்தது. அந்த சைக்கிளை இவர் மொத்தம் நான்கு நாள் மிதித்திருக்கிறார். ஐந்தாம் நாளிலிருந்து அதில் துண்டு காய்கிறது.

கதவு உள்பக்கம் திறக்கும், அதற்கு இடம் விட வேண்டும். ஜன்னல் திரைக்குக் கயிறு தொங்குகிறது, அது குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. எல்லாம் கழித்தால் கட்டிலுக்கு மிஞ்சுவது மூன்றடி நாலங்குலத்துக்கு இரண்டடி.

"அஞ்சு வயசு வரைக்கும் படுக்கிற மாதிரி பெரிசா வாங்கிட்டா என்ன?" என்று கேட்கிறார். வாங்கலாமே. கட்டிலை உள்ளே போட்டுவிட்டு நாங்கள் இருவரும் வாசலில் நின்று பிள்ளையை எட்டிப் பார்க்கலாம்.

எட்டாம் மாதம் நடக்கிறது. இந்த மனிதரிடம் பேசியே மூச்சு வாங்குகிறது.

மார்ச் 5, வியாழன்

ஆபீஸில் இன்று பதினெட்டுப் புகார்க் கடிதங்கள். பன்னிரண்டு வருஷமாக இந்த மரச்சாமான் கம்பெனியில் உட்கார்ந்து புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான் — மனிதர்கள் படிப்பதில்லை. எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் தாள் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. அதை எழுதுவதும் நான்தான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அலமாரியின் முதுகை முன்னால் வைத்துப் பூட்டிவிட்டு, கதவு திறக்கவில்லை என்று எனக்கு எழுதுவார்கள்.

இன்றைக்குக் கோடு போட்ட தாள்காரி மறுபடியும் எழுதியிருக்கிறாள். இது இரண்டாவது கடிதம். தையல்காரியாம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள், ஒரு வரிகூடக் கோட்டை விட்டு இறங்காத கையெழுத்து. எங்கள் சின்ன மாடல் குழந்தைக் கட்டிலை வாங்கியிருக்கிறாள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் கீழே இறக்கலாம். இறக்கும்போது அந்தப் பக்கம் கழன்று வருகிறதாம், அந்த இடுக்கில் பத்து மாதக் குழந்தையின் முழங்கால் மாட்டி நீலம் கட்டிவிட்டதாம். தாளில் இருந்தபடியே பூட்டினேன் என்று சத்தியம் செய்யாத குறை.

"தாங்கள் பொருத்தும் முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை எனத் தெரிகிறது" என்று எழுதிப் போட்டேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொள்ளலாம். கை மிச்சம்.

மார்ச் 7, சனி

மூன்று கடை. கைப்பையில் அளவு டேப்பும் ஒரு குளிர்பான டின்னும். சட்டங்களுக்கு நடுவே டின் நுழைந்தால் குழந்தையின் உடம்பும் நுழையும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். இது தெரியாமல் கட்டில் விற்க வந்துவிடுகிறார்கள்.

முதல் கடையில் டை கட்டிய பையன், "இதுதான் மேடம் ரொம்ப சேஃப்" என்றான். டின்னை எடுத்துச் சட்டங்களுக்கு நடுவே விட்டேன். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மறுபக்கம் வெளியே வந்து, தரையில் உருண்டு ஓடியது. அவன் ஓடிப் போய் எடுத்து வந்து துடைத்துக் கொடுத்து, "ஸ்ட்ரா வேணுமா மேடம்?" என்று கேட்டான். இவர் சிரித்தார். கடையில் எனக்கு ஆதரவாக ஒரு ஜீவன் இல்லை.

இரண்டாவது கடைக் கட்டிலில் நான்கு மூலையிலும் கலசம் மாதிரி குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது, சட்டை மாட்டிக்கொள்ள வசதியாக. உள்ளே சுற்றிலும் தலையணை, பொம்மை, நாடா. குழந்தைக்கு மூச்சு விட மட்டும் இடம் வைக்கவில்லை. மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவே என் கை மணிக்கட்டு வரை போனது. மூன்றாவது கடையில் மடக்குக் கட்டில். நடுப்பூட்டை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினேன், கட்டில் கும்பிடு போட்டுவிட்டது.

வரும் வழியில் இவர் அந்த டின்னைத் திறந்து குடித்துவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வேனில் வந்து இறங்கினாள், பழைய கட்டிலோடு. நான்கடி நீளம். மூன்று நிறப் பெயின்ட், ஒன்றின்மேல் ஒன்று, மூன்றும் உரிகிறது. அவளை உட்காரச் சொல்வதற்கு முன்பே அளந்துவிட்டேன். சட்டங்களுக்கு நடுவே டின் என்ன, சொம்பே போகும்.

"எம் பிள்ளைங்க மூணும் இதுலதான் வளந்துச்சு. யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். மூன்று பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன், அதற்கே எனக்கு விருது கொடுக்க வேண்டும்.

வேனில் திரும்ப ஏற்ற இவர்தான் கை கொடுத்தார். திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலை வரை பேசவில்லை. அப்பாடா.

மார்ச் 10, செவ்வாய்

கோடு போட்ட தாள்காரியின் மூன்றாவது கடிதம். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி. இறக்கும் பக்கம் ஏறி இறங்குவதற்கு இரண்டு பட்டை கொடுத்திருக்கிறீர்களே, அதில் எது மேல், எது கீழ்? தாளில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டினால் போதும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

பக்கத்து மேசைக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டு வேளை முழுக்கச் சிரிப்பு. அடுத்து, தரை எது, கூரை எது என்று எழுதுவாள் என்றேன். "படத்தைப் பார்க்கவும்" என்று இரண்டே சொல்லில் பதில் போட்டேன்.

அந்தத் தாள் என் தாள். முன்பு பதினோரு படி, இரண்டு பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அசடுகளுக்காக எழுதியிருந்த இரண்டு படிகளை அடித்து, ஒன்பது படி, ஒரே பக்கம் ஆக்கினேன். மேனேஜரே பாராட்டினார்.

மார்ச் 12, வியாழன்

ஊரெல்லாம் அலைந்து கடைசியில் எங்கள் கம்பெனிக் கட்டிலையே எடுக்கப் போகிறேன். அதே சின்ன மாடல்தான். கிடங்குக்குப் போய் அளந்தேன். மூன்றடி மூன்றங்குலத்துக்கு ஒரு அடி பத்தங்குலம். டின் நுழையவில்லை. மெத்தை ஓரத்தில் ஒரு விரல்தான் போகிறது. மூலையில் எதுவும் நீட்டவில்லை. ஒரு பக்கம் இறங்குவதால் எனக்குக் குனிய வேண்டியதில்லை.

தையல்காரியின் முழங்கால் கதை ஞாபகம் வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன். பூட்டத் தெரியாதவர்களுக்காக நான் ஏன் பயப்பட வேண்டும்?

மார்ச் 15, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

காலையில் பெட்டியைப் பிரித்தோம். இவரைத் தொட விடவில்லை. இவரும் புகார்க் கடிதம் எழுதுகிற ஜாதிதான். "நீங்க கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்" என்று சொல்லிவிட்டு, தரையில் தலையணை போட்டு உட்கார்ந்து, என் தாளை நானே உரக்க வாசித்து, என் கையாலேயே பூட்டினேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு திருகைக்கூட முடுக்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பரவாயில்லை, தாள்தான் இருக்கிறதே. இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் கறுப்பு ரப்பர் குமிழ். குமிழ் மேலே வந்தால் பார்க்க லட்சணமாக இருந்தது. அப்படியே வைத்து முடுக்கினேன். ஒரு மணி நேரம். முடித்துவிட்டு இவரைப் பார்த்தேனே ஒரு பார்வை.

இவர் அந்தப் பக்கத்தை ஏற்றி இறக்கி விளையாடினார். மூன்றாவது தடவை இறக்கும்போது முழங்கையை ஊன்றினார். இடது கீழ்மூலை டக்கென்று பட்டையை விட்டு வெளியே வந்தது. கீழே ஒரு இடுக்கு. இவருடைய கை முழுசாக உள்ளே போய்விட்டது.

"தலைகீழாப் பூட்டியிருக்கீங்க" என்று கத்தினேன். வாய் பழக்கம்.

"நான் எங்கே பூட்டினேன்? நீதானே பூட்டினே" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. பயந்து போயிருந்தார். கையை வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், சிவந்திருந்தது.

பட்டைகளைக் கழற்றித் திருப்பினேன். குமிழைக் கீழே கொண்டுவந்து முடுக்கினேன். இவர் எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. குமிழ்தான் அந்தப் பக்கத்தைத் தாங்கி நிறுத்துகிறது.

தாளை எடுத்துத் தேடினேன். முதல் படியிலிருந்து ஒன்பதாம் படி வரை. படத்தையும் பார்த்தேன். படத்தில் பட்டை இருக்கிறது, குமிழ் இல்லை.

எது மேல், எது கீழ்?

எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். பதினோரு படித் தாள். ஆறாம் படி: "கறுப்புக் குமிழ் கீழ்ப்பக்கம் இருக்குமாறு பட்டையைப் பொருத்தவும்." அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் என் கையெழுத்து: "கண்ணுள்ள எவனுக்கும் இது தெரியும்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணுள்ளவளாம். எனக்கே தெரியலையேடி, எழுதினவ நான், எனக்கே தெரியலையே. அந்தக் குழந்தைக்கு முழங்கால் மாட்டியது. கழுத்து மாட்டியிருந்தால்? அதற்கும் அந்த முத்திரை வாக்கியத்தைத்தானே அனுப்பியிருப்பேன்?

பதில் நகல்களைப் புரட்டினேன். இரண்டு வருஷத்தில் இதே கட்டிலுக்கு, இதே மூலைக்கு, இருபத்து மூன்று பேரின் கடிதங்கள். இருபத்து மூன்று பேருக்கும் நீங்கள்தான் முட்டாள் என்று மரியாதையாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

மேனேஜரிடம் போனேன். எங்கள் மேனேஜருக்கு ஆகட்டும் என்று பெயர். கூரை இடிந்து விழுந்தாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். அடுத்த அச்சடிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். இதுவரை விற்ற கட்டில்கள்? கடைகளில் இருக்கிற பெட்டிகள்?

"இப்ப நாமளே எழுதிப் போட்டா, தப்பு நம்மளதுன்னு ஆயிடும்மா."

"நம்மளது இல்ல சார். என்னோடது."

அதற்கும் ஆகட்டும் என்றார். நாளைக்கு என் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கே ஏதாவது ஆனாலும் ஆகட்டும் என்பார். இந்த ஆளிடம் பாராட்டு வாங்கியதற்கா இரண்டு வருஷம் குளிர்ந்து போயிருந்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஆகட்டும் பயப்படுவது காகிதத்துக்கு மட்டும்தான். நேற்று ராஜினாமா மாதிரி தோற்றம் தரும் ஒரு காகிதம் எழுதினேன். ஆறாம் படியை அடித்தது நான். அதனால் குழந்தைகளுக்கு அடிபட்டிருக்கிறது. இன்ன தேதியில் மேனேஜரிடம் சொன்னேன், அவர் பொறுத்திருக்கச் சொன்னார். கீழே என் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்கு ஒரு வெற்றுக் கோடு. நகல் முதலாளிக்கு என்றும் போட்டேன்.

இன்று அவரிடம் நீட்டினேன். படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பத்து நிமிஷத்தில் கிடங்குக்குப் போன் போட்டார். பெட்டிகள் ஒன்றும் வெளியே போகக் கூடாது. விற்ற கடைகளில் எல்லாம் அறிவிப்பு ஒட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் அவர் "ஆகட்டும்" சொல்லாமல் முடித்த முதல் வேலை.

எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் பாக்கலாம் என்றார். பாக்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இருபத்து மூன்று கடிதங்கள். கையால் எழுதினேன். கால் வீங்கிவிட்டது. இவர் உறை ஒட்டினார், முகவரி சரிபார்த்தார், நடுநடுவே என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். ஒரு கிண்டல் வார்த்தை சொல்லவில்லை. இவரிடம் இவ்வளவு பெருந்தன்மை இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

தையல்காரிக்குக் கடைசியாக எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். கடைசியில் மிஞ்சியது இதுதான்: "நீங்கள் கேட்டது சரி. தாளில் எழுதியிருக்கவில்லை. எடுத்துவிட்டது நான். நானே பூட்டியபோது நானும் தலைகீழாகத்தான் பூட்டினேன். கறுப்புக் குமிழ் கீழ்ப்பக்கம். உங்கள் குழந்தையின் கால் எப்படி இருக்கிறது?" புதிய தாளையும் வைத்தேன். பதினோரு படி.

ஏப்ரல் 9, வியாழன்

பதினாறு பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு பேர் கண்டபடி திட்டியிருக்கிறார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். தையல்காரியிடமிருந்து ஒன்றும் இல்லை.

மே 24, ஞாயிறு

மகள் பிறந்து பதினெட்டு நாள். மூக்கு இவருடையது. முகத்தைச் சுளிப்பது என்னுடையது. பால் சூடு போதவில்லை என்றால் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், அந்தப் பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

சைக்கிள் போய்விட்டது. கட்டில் சுவரோரம் இருக்கிறது, கதவு தடையில்லாமல் திறக்கிறது. இறக்கும் பக்கத்தை இறக்குவதே இல்லை. மேலேற்றி, இருபுறமும் திருகு போட்டு நிரந்தரமாக இறுக்கிவிட்டேன். குமிழ் கீழேதான் இருக்கிறது. இருந்தாலும். ஒவ்வொரு தடவையும் குனிந்து தூக்க இடுப்பு போகிறது. போகட்டும். உள்ளே மெத்தையும் மகளும் மட்டும். நாத்தனார் கொண்டுவந்த தலையணையில் நான் சாய்ந்துகொள்கிறேன்.

இன்று மத்தியானம் அவள் தூங்கும்போது ஆபீஸிலிருந்து வந்த கடிதக் கட்டைப் பிரித்தேன். கோடு போட்ட தாள். குழந்தையின் கால் சரியாகிவிட்டது, நடக்கிறான், நிற்க மாட்டேன் என்கிறான் என்று ஒரு வரி. கூடவே நான் அனுப்பிய பதினோரு படித் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நாலாம் படிக்குக் கீழே பென்சிலால் கோடு, ஓரத்தில் ஒரு கேள்வி: "'பிறகு இறுக்கவும்' என்று போட்டிருக்கிறீர்கள். எதற்குப் பிறகு?"

எதற்குப் பிறகா? இதுகூடவா ஒருத்தி —

நாலாம் படியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். இவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "எதுக்கப்புறம்?" என்று இவரும் கேட்டார்.

திருகுச் சாவியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே தரையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். மகள் எழுந்ததும் தூக்கிக்கொள்ளும்படி இவரிடம் சொல்லியிருக்கிறேன். எதற்குப் பிறகு என்று பூட்டிப் பார்த்துத்தான் தையல்காரிக்கு எழுத வேண்டும்.