கண்ணுக்கு மருந்தாம், கஞ்சாப் புகை

அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வரும் முதல் குற்றாலம் சீசன் இது. நேற்று ஐந்தருவிக்குப் போயிருந்தேன். பாறை ஓரத்தில் எவனோ கஞ்சா இழுத்துக்கொண்டிருந்தான். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்று சிரித்தேன். கூட வந்த மருமகள் பயந்துவிட்டாள். அந்த நாற்றத்தில் எனக்கு உங்கள் முகம் தெரிந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

எழுபதுகளின் கடைசியில், தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. போர்டில் விளக்கு எரிந்தால் ஒயரைச் செருகி, என்ன நம்பர் என்று கேட்க வேண்டும். உங்களுக்கு இடது ஓரத்து விளக்குகள் தெரியாமல் போக ஆரம்பித்தன. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது என்றார் திருநெல்வேலி டாக்டர். அவர் கொடுத்த சொட்டு மருந்தை ஊற்றினால் புருவம் வலிக்கும், எல்லாம் மங்கும். "இது கண்ணுக்கு மருந்தா, கண்ணைக் கெடுக்க மருந்தா?" என்று திட்டிக்கொண்டே ஊற்றிக்கொள்வீர்கள். விளக்கு தெரியாவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் அண்ணன் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பார்வை போவதைவிட அதற்குத்தான் நீங்கள் பயந்தீர்கள்.

அப்போதுதான் அந்த டிரங்க் கால் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர், மேலகரத்தில் இருந்த தன் அப்பாவோடு பேசினார். அந்தப் பெரியவருக்கும் உங்கள் வியாதிதான். ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்காத ஆபரேட்டர் யார்? "வெளிநாட்டுல கஞ்சாப் புகை இழுத்தா கண் பிரஷர் இறங்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்கப்பா. ஆனா..." என்றார். ஒரு காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. புளியங்குடி எலுமிச்சங்காய் கமிஷன் கடைக்காரர்கள் லைனுக்குக் காத்திருந்தார்கள். ராஜாவே பேசினாலும் உங்களிடம் மூன்று நிமிடம்தான். ஒயரை உருவிவிட்டீர்கள்.

பீடி குடிக்கிறவன் பக்கத்தில்கூட நிற்காத நீங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். முக்காடு போட்டுக்கொண்டு ஒரு சாமியாரிடம், "சாமி, கண்ணுக்கு மருந்தாம்லா, கொஞ்சம் குடுங்க" என்றீர்கள். அவர் மேலும் கீழும் பார்த்தார். "காலமெல்லாம் இழுக்கேன் தாயி, எதிர்ல வாற ஆளு எனக்குத் தெரியல. ஒனக்கு வேணும்னா இழு" என்றார். இரண்டே இழுப்பு, உயிர் போகிற இருமல். கொஞ்ச நேரத்தில், "ஏட்டி, அருவி அஞ்சா ஆறா? எண்ணிச் சொல்லு" என்று என் தோளில் சாய்ந்து சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"கண்ணு லேசாயிட்டுட்டி" என்று சொல்லிச் சொட்டு மருந்தை நிறுத்தினீர்கள். கொஞ்ச நாளில் இடது வரிசை மொத்தமும் இருண்டுவிட்டது. திருநெல்வேலிக்கு ஓடினோம். நடந்ததைச் சொன்னோம். டாக்டர் கோபப்படவில்லை. "அழுத்தம் இறங்குறது நெசந்தாம்மா. மூணு நாலு மணி நேரத்துல திரும்ப ஏறிரும். அதுக்குன்னு நாள் பூரா இழுத்துக்கிட்டே இருப்பீங்களா? வேலைக்கு யாரு போவா?" என்றார். பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்ததும், "அந்த மெட்ராஸ் டாக்டரு 'ஆனா'வுக்கு அப்புறம் இதத்தான் சொல்லியிருப்பாரு. நாந்தான உருவிவிட்டேன்" என்றீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

போன பார்வை திரும்பவில்லை. இருந்ததைக் காப்பாற்ற மருந்தை மறுபடியும் பிடித்துக்கொண்டீர்கள். நான் உங்களுக்கு இடப்பக்கம் இடம் மாறி உட்கார்ந்தேன். நீங்கள் பார்க்க முடியாத பக்கத்தில் விளக்கு எரிந்தால் முழங்காலைத் தட்டுவேன். மேல் வரிசைக்கு ஒரு தட்டு, கீழ் வரிசைக்கு இரண்டு. தலையைத் திருப்பி, சரியாகச் செருகிவிடுவீர்கள். சூப்பர்வைசருக்குக் கடைசிவரை தெரியாது.

எண்பதுகளில் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்து, நம் போர்டைக் கழற்றினார்கள். அன்றைக்கு, "நம்மளால ஒரு போன் காலும் தவறலல்லாட்டி?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுகூட இல்லக்கா" என்றேன். அத்தனை வருஷம் அழாத நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள்.

இப்போதும் யாரோடு நடந்தாலும் என் கால் தானாக இடப்பக்கம் போய்விடுகிறது. கல்லோ பள்ளமோ வந்தால், என் கை பக்கத்தில் வருகிறவரைத் தட்டிவிடுகிறது. நல்ல கண் உள்ளவர்கள், என்ன என்று திரும்பி முறைக்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறேன். மனசு உங்களை ரொம்பத் தேடுகிறது, அக்கா.