செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்

இந்தப் படத்தைக் கிழித்து அடுப்பில் போடச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். நானோ என் டைப்பிங் கடையில் ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருக்கிறேன். பளபளப்பான தாளில் பெரிதாக அச்சிட்ட புகைப்படம். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் என் மகள் மோனிஷா குனிந்திருக்கிறாள். கைகள் இரண்டும் சேற்றுக்குள் இறால் தடவுகின்றன. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி வாயில் தொங்குகிறது, அதன் கயிற்றைப் பல்லால் கடித்திருக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை இதை அவளுடைய பாடப் புத்தகங்களுக்கு அடியில் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நீதான். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது உன் வழக்கம்தான், அன்றைக்கும் அப்படித்தான் வந்து நின்றாய்.

உன் கதைகளையெல்லாம் டைப் அடித்தவள் நான். உன் கையெழுத்தைப் படிக்க இந்த ஊரில் வேறு யாருக்கும் பொறுமை கிடையாது. அந்தக் கதையை நீ கொண்டுவந்த அன்று கடையில் கூட்டம். எல்லாரையும் அனுப்பிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஏரியில் தனியாக இறால் தடவுகிறாள். கரையில் அவள் கழற்றிவிட்ட செருப்பு. ஒருவன் வந்து அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறான். பேசுகிறான். நல்ல பேச்சுதான், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அவளைப் புகழ்கிறான், படிப்பைப் பற்றிக் கேட்கிறான், அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறான். வாயில் பறி இருப்பதால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பறியை விட்டால் பிடித்த இறால் அத்தனையும் தண்ணீரில் போய்விடும். வெயில் சாய்கிறது, அவன் எழுந்திருக்கவில்லை, அவள் கரையேறவில்லை. அவ்வளவுதான் கதை.

என்னடி இது, ஒன்றுமே நடக்கவில்லையே என்று சலித்துக்கொண்டேன். அவன் பேசப் பேச அவள் முதலில் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற மாதிரி எழுதியிருக்கிறாயே, படிக்கிறவர்கள் அவளைத்தான் தப்பாக நினைப்பார்கள் என்றும் சொன்னேன். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "பதினஞ்சு வயசுல ஒருத்தன் நம்மளப் பார்த்து நல்லாக்கீறன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். அவன் காலை வெக்கிற எடமே அதுதான்," என்றாய். உனக்கு நடந்ததா என்று கேட்டேன். "டைப் அடி," என்றாய்.

பொன்னேரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் அந்தக் கதையைப் பேசினார்கள். நானும் உன்னோடு வந்திருந்தேன். ஒருவர் எழுந்து, வாயில் இருக்கும் பறி காலம் காலமாக அடக்கப்பட்ட பெண்குரலின் குறியீடு என்று அழகாகப் பேசினார். நீ என் தொடையைக் கிள்ளினாய். இன்னொருவர் எழுந்தார். அந்த மனிதன் அவளைத் தொடவில்லை, தகாதது எதுவும் பேசவில்லை, அப்படியிருக்க வாசகன் எதற்காகப் பயப்பட வேண்டும், எழுத்தாளர் சும்மாவே மிரட்டுகிறார் என்றார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, எனக்கும் அதே சந்தேகம். நீ மைக்கை வாங்காமல் உட்கார்ந்தபடியே சொன்னாய்.

"அவன் இன்னா பேசுறான்னு பார்க்காதீங்க சார். எங்க ஒக்காந்துகினு கீறான்னு பாருங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஒத்துக்கொண்டாரா இல்லையா தெரியாது. பிறகு டீ வந்தது, பேச்சு வேறு கதைக்குப் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் விளக்கம் கேட்டேன். கதையில் அவனுக்குப் பெயரோ முகமோ ஏன் இல்லை என்றதற்கு, அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அதனால் எனக்கும் தெரியாது என்றாய். அவனுடைய பேச்சு முழுக்க இனிப்பு, ஆனால் அவள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும், பயம் அங்கேதான் இருக்கிறது என்றாய்.

இந்தப் படத்தை எடுத்தவனும் இனிப்பாகத்தான் பேசினான். பறவை சீசனில் கேமராவோடு வருகிறவர்கள் பூநாரையைப் படம் எடுப்பார்கள், வறுத்த மீன் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். இவன் சனிக்கிழமை தவறாமல் வந்தான். என்னை அக்கா என்று கூப்பிட்டான். என் நாத்தனாரை ஏரியில் எடுத்த படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான், அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எந்தெந்த நாள் வண்டி எடுப்பார் என்று பேச்சுவாக்கில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான். எங்களுக்கு அவன் மேல் மரியாதை.

அன்று இந்தப் படத்தைக் கையில் எடுத்தபோது முதலில் அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அப்புறம் உன் குரல் கேட்டது. அவன் எங்கே இருக்கிறான் என்று தேடினேன். படத்தின் அடியோரத்தில், கலங்கலாக, நீல வார் வைத்த இரண்டு செருப்புகள். மோனிஷாவின் செருப்புகள். லென்ஸுக்கு அத்தனை பக்கத்தில் அவை இருக்க வேண்டுமென்றால் அவன் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சேற்றில் தடவுகிறவளுக்குக் கண்ணுக்கு வேலை இல்லை, எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். என் மகள் அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் சனிக்கிழமை. காலையிலேயே அத்தையோடு ஏரிக்குப் போயிருந்தாள். வீட்டைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியாது, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் உன் கதையின் கடைசி வரிதான் மண்டைக்குள் ஓடியது. ஒரு வரி கூட்டி எழுதாமல் ஏன் போனாய் என்று உன்னைத் திட்டினேன்.

நாத்தனார் மற்ற பெண்களோடு தூரத்தில் இருந்தாள். மோனிஷா தனியாக, வாயில் பறியோடு. கரையில் அவன், முழங்காலை ஒட்டி அந்தச் செருப்புகள். "வாங்கக்கா. உங்க பொண்ணு வாயைத் தொறக்கவே மாட்டேங்குது," என்று சிரித்தான். குனிந்து செருப்பைக் கையில் எடுத்தேன். அடிக்கத்தான் எடுக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, சடாரென்று எழுந்து தள்ளிப் போனான். அடித்திருக்கலாம். அடிக்காமல் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள், பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள், அவன் காரை நோக்கி நடந்தான். ஊரில் சொல்லிவிட்டோம், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்தப் படத்தை அவர்கள் கேட்பார்கள், அதனால்தான் கிழிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஆனாலும் கடை வாசலில் கார் நின்றால் எழுந்துபோய் யாரென்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மோனிஷா மெல்ல மெல்லச் சொன்னாள். "மொதல்ல நல்லாத்தாம்மா இருந்துது," என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம் லைட் ஹவுஸ் பக்கம் காரில் வா, அங்கே இன்னும் நன்றாக எடுக்கலாம் என்றானாம். வீட்டில் சொல்லாதே என்றானாம். நைனா இன்னைக்கு லோடு போயிருக்கார் இல்லையா என்றானாம். அவள் கரையேறும்வரை எழுந்திருக்காமல் இருப்பானாம்.

பறியை விட்டுவிட்டு அத்தையைக் கூப்பிட்டிருக்கலாமே, இறால் போனால் போகிறது என்றேன். அதற்கு அவள் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாளாகத் தவிக்கிறேன்.

"பறியில இறாலே இல்லம்மா. அது வாயில இருந்தா அவனுக்குப் பதில் சொல்ல வேணாம் இல்ல. அதான் கடிச்சுகினே இருந்தேன்."

உன் கதையில் பறி நிறைந்திருந்தது. இறாலை விட மனம் வராமல்தான் அந்தப் பெண் பேசாமல் இருந்தாள் என்று நீ எழுதினாய், நான் நம்பி டைப் அடித்தேன். மோனிஷாவின் வாயோரத்தில் கயிறு அறுத்துப் புண்ணாகியிருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது உன் முகம் ஞாபகம் வந்தது. உனக்கும் அதே இடத்தில் ஒரு தழும்பு உண்டு. இறால் தடவுகிறவர்கள் எல்லாருக்கும் இருப்பதுதானே என்று நினைத்திருந்தேன். இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணின் வாயோரத்தையும் பார்க்கிறேன், இவள் பறியில் இறால் இருந்ததா என்று.